அவசரத்தில் விழுந்த மாலை

புதுச்சேரி,
மார்ச் 2006

அன்புள்ள மகள் ஈனெசுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நானும் நலம், நான் நலம் என்பதை இந்த முறை கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா? போன கடிதத்தில் உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருந்தாயே, செல்லின் மேல் சாகச் சொல்லும் சேதியை வாங்க ஏற்பிகள் இருக்கின்றன, சேதி வராமலே அவை தாமாக ஒன்றுகூடினால் நல்ல செல்லும் செத்துப்போகும், அதனால் உள்பக்கம் ஒரு புரதம் அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவிடாமல் தடுக்கிறது, நிஜச் சேதி வந்தால்தான் விலகும் என்று. அன்றைக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. போன வியாழக்கிழமை நம் வீட்டிலேயே முழுதாகப் புரிந்துவிட்டது.

மத்தியானம் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாசல் திண்ணை ஈசிசேரில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தேன். அந்நேரம் பந்தல்காரன் செல்வகுமார் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நம் வாசலையும் சேர்த்து அளக்க வந்தான், மாதா கோயில் பங்குச்சாமியார் அம்மாவிடம் ஊறுகாய் வாங்க வந்தார், பிணம் வைக்கும் ஐஸ்பெட்டி வண்டிக்காரன் டீ குடிக்கப் போகிறவன் நம் வீட்டு நிழலில் வண்டியை நிறுத்தினான். தனித்தனியாக வந்திருந்தால் ஒன்றுமில்லை. மூன்றும் சேர்ந்து நின்றதைத் தேங்காய்த்திட்டில் மீன் வாங்கி வந்த எதிர்வீட்டுக் கமலவேணி பார்த்துவிட்டாள். கூடையைக் கீழே போட்டு, ரெனே அண்ணன் போயிட்டாரே என்று மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது, மீன் பூனைக்குப் போனது. மாலை கழுத்தில் விழுந்துதான் நான் விழித்தேன். போட்டது உன் சித்தப்பா அத்ரியான், அவ்வளவு சீக்கிரம் மாலை எங்கே கிடைத்தது என்று இன்னும் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உனக்குச் சொல்ல டெலிபோனுக்கு ஓடினார். நான் இருக்கேன்டா என்றேன், பல் இல்லாத வாயில் அது யாருக்கும் புரியவில்லை. ஆனால் அம்மா ஊறுகாய்க் கரண்டியோடு வந்து டெலிபோன் மேல் கையை வைத்துவிட்டாள். நான் பாத்துட்டு சொல்றேன், அதுவரைக்கும் யாரும் பொண்ணுக்கு போன் போடக் கூடாது என்று ஒரே அதட்டல். அவள் கையை எடுத்திருந்தால் நீ அடுத்த வாரப் பட்டத் தேர்வை விட்டுவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறியிருப்பாய். நாலு வருட உழைப்பு என் மத்தியானத் தூக்கத்தில் போயிருக்கும்.

எனக்கும் எழுபது தாண்டிவிட்டது, நிஜச் சேதி ஒருநாள் வரத்தான் செய்யும். அதை அம்மா குரலில் கேட்டால் மட்டும் நம்பு, வேறு யார் சொன்னாலும் உன் வேலையைப் பார். அன்று எல்லாரும் போன பிறகு அவள் என் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், அவளுக்கும் அது தெரியும்.

மாதா உனக்குத் துணை இருக்கட்டும். தேர்வு முடிந்ததும் நீயே போன் செய், மறந்துவிடாதே. முதல் மணியிலேயே அம்மா எடுப்பாள், இன்னும் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உன் அப்பா,
ரெனே