கறுப்பு நாடாவை நான் மடிக்கவில்லை

என் கண்ணான மச்சானுக்கு,

மண்ணுக்குள் உங்கள் கப்ரிலே அல்லாஹ் வெளிச்சத்தைத் தருவானாக. இங்கே மழை தொடங்கிவிட்டது. அதைத்தான் உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் பத்து நாளாவது வானம் பொறுக்கும் என்று இருந்தேன், பொறுக்கவில்லை. தெல்தோட்டைப் பக்கம் மூன்று நாளாகக் கொட்டுகிறதாம். கண்டியில் நம் வீட்டுத் தகரத்தில் விழுகிற ஒவ்வொரு துளியும் உங்கள் பாலத்துக்கு அடியில் ஓடுகிற ஆற்றில்தான் விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் இப்படி உங்களிடம் ஒருநாளாவது சொல்லியிருப்பேனா? வாய்க்காரி என்றுதானே எனக்குப் பேர். வாய்க்காரிக்கு இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு மிடறு தேத்தண்ணி இறங்கவில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது. அது முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஆனால் தெல்தோட்டையில் நீங்கள் எடுத்த பாலத்து வேலைக்கு இத்தா கிடையாதே. நீங்கள் கண் மூடும்போது ஆற்றின் இரண்டு பக்கத்திலும் கல் கட்டு எழும்பியிருந்தது. நடுவில் வளைவு கட்ட வேண்டும். "பாதியில விட்டா வேறாளுக்குக் குடுத்துருவாங்க" என்று என் கூடப்பிறந்த நானா ஓடி வந்தார். துணிக்கடையில் முழம் போடுகிற மனுஷனுக்குப் பாலத்தைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

எனக்குத் தெரியும்தானே, மச்சான்? எந்த வேலையை எடுத்தாலும் நீங்கள் முதலில் என்னிடம்தானே வருவீர்கள். "ஸுலைஹா, கத்தரிக்கோலை எடு." ஒரு அங்குலம் ஒரு நாள். அத்திவாரம் தோண்ட இவ்வளவு, கல் உடைக்க இவ்வளவு என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் வெள்ளை நாடா வெட்டித் தருவேன். ஏழு அங்குலத்துக்கு ஒரு சிவப்பு முடிச்சுத் தைப்பதும் என் வேலை, வாரம் எண்ணுவதற்கு. சித்திரை வருஷம், வெசாக், பெருநாள், தோட்டத்துச் சம்பள நாள் என்று யாரும் வேலைக்கு வராத நாட்களுக்கு மஞ்சள் நாடா. எல்லாவற்றையும் பாயில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக விரித்து, எது எதோடு சேர்ந்து ஓடலாம், எது எது முடியக் காத்திருக்க வேண்டும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்ப்பீர்கள். துரைமார் பெரிய தாளில் கோடு போட்டுச் சுவரில் மாட்டுகிற கணக்கு உங்கள் கோட்டுப் பைக்குள் சுருண்டுகொண்டு போகும்.

கறுப்பு நாடா ஒன்றே ஒன்று இருக்கும். வளைவின் உச்சிக்கல்லை வைத்த பிறகு சாந்து இறுகுவதற்காக யாரும் தொடாமல் விடுகிற நாட்கள் அது. அத்தனை நாளும் அடியிலே மரச்சட்டம்தான் வளைவைத் தாங்க வேண்டும். "ஆளைக் கூட்டினால் வெள்ளையை மடிக்கலாம், கறுப்பை மட்டும் மடிக்கக் கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். எனக்கு மனப்பாடம் என்று நான் கேலி செய்வேன்.

ஏன் சொன்னீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். வத்தேகமவில், நமக்குக் கல்யாணமாகும் முன்னே, நீங்கள் ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது, பெருநாளைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று அவர் இரண்டு நாளைக் குறைக்கச் சொன்னார். நீங்கள் சரி என்றீர்கள். மரச்சட்டத்துக்கு அடியில் செருகிய ஆப்பைத் தட்டி மரத்தை இறக்கியதும் வளைவு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அடியில் நின்று தட்டி, அதில் நசுங்கிப்போன ஆளின் பேரைக்கூட நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நீங்கள் கட்டிய ஒவ்வொரு வளைவிலும் ஆப்புத் தட்டுகிற அன்றைக்கு நீங்களே அடியில் போய் நிற்பீர்கள், உள்ளங்கையைக் கல்லில் வைத்துக்கொண்டு. நாள் குறித்தவன் கீழே நிற்க வேண்டும் என்பது உங்கள் சட்டம்.

ஊர் உங்களைத் தைரியசாலி என்றது. அந்தக் காலைகளில் உங்கள் கை எப்படிச் சில்லிட்டுக் கிடக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பிடி சோறு தின்ன மாட்டீர்கள். "புதுமாப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு நடுக்கம் இருக்காது" என்று நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

நாலு மாதமாக நாடாவைப் பாயில் விரித்து வைத்துக்கொண்டு, நானா வாரத்தில் இரண்டு தரம் போய் வந்து சொல்கிற செய்தியைக் கேட்டுக்கொண்டு, இங்கிருந்தே வேலையை நடத்தினேன். எதை எடுத்தாலும் பிந்தியது. கல் வந்து சேர்வது இரண்டு நாள் பிந்தியது, மரச்சட்டம் ஏற்றுவது ஒரு நாள் பிந்தியது. கல் கட்டுகிறவர்களுக்குத் தலைவரான மேசன் பாஸ் கறுப்பையாவை நான் திட்டாத திட்டில்லை. "ஐயா இருந்தா இப்படி இழுத்தடிப்பாரா என்று கேளுங்கள்" என்று நானாவிடம் சொல்லி விடுவேன். உங்களோடு பன்னிரண்டு வருஷம் வேலை செய்த மனுஷன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

உச்சிக்கல் வைத்தாயிற்று என்று செய்தி வந்ததும் கறுப்பு நாடாவை எடுத்து அளந்தேன். இருபத்தைந்து அங்குலம். இருபத்தைந்தாம் நாள் ஆப்பைத் தட்டச் சொல்லி நாள் குறித்தேன். மழை வரும் முன்னே மரம் ஆற்றைவிட்டு வெளியே வந்துவிடும் என்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

அந்த இருபத்தைந்தாம் நாள் முந்தாநாள். நானா விடியற்காலை பஸ்ஸில் தெல்தோட்டைக்குப் போய்விட்டார். இனி இந்த நாடாவுக்கு வேலையில்லை என்று நான் அதை விரலில் சுற்றினேன். சுற்றும்போது விரலில் தட்டுப்பட்டது என் தையல் முடிச்சு. சாயம் போய்க் கறுப்போடு கறுப்பாகியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாடா முடிகிற இடத்தில் நாலு. நாலு வாரம் என்றால் இருபத்தெட்டல்லவா? அங்குலக் கோலை எடுத்து முடிச்சுக்கு முடிச்சு வைத்துப் பார்த்தேன். ஏழு வர வேண்டிய இடத்தில் ஆறேகால்தான் வந்தது.

நாடா சுருங்கியிருக்கிறது, மச்சான். உங்கள் காய்ச்சல் மற்றவர்களுக்கும் தொற்றும் என்று பயந்து, நீங்கள் போன மறுநாள் மாமி உங்கள் துணியெல்லாவற்றையும் பெரிய சட்டியில் போட்டு அவித்தார். கோட்டையும் அவித்தார், பைக்குள் நாடாவோடு. பெற்ற பிள்ளையின் கோட்டை அவிக்கிற தாய் பையைத் தடவிப் பார்ப்பாளா? எத்தனை சட்டை தைத்தவள் நான். புதுத்துணி வெந்நீர் கண்டால் சுருங்கும் என்று அடுத்த வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்பவள். எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

கறுப்பை மடிக்காதே என்றீர்கள். நான் மூன்று நாளை மடித்து அனுப்பிவிட்டேன்.

அன்று பகல் முழுக்க நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. இப்போது தட்டியிருப்பார்கள், இப்போது விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு நாழிகையும் எண்ணினேன். கறுப்பையாவுக்கு நாலு பிள்ளை. அவரோடு நிற்கிற ஆறு பேரின் பெண்சாதிமார் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். தந்தி கொடுக்கலாம் என்றால் ஆற்றங்கரைக்கு அதை யார் கொண்டுபோவது? மாமி "என்ன புள்ள, மேலுக்கு முடியல்லயா?" என்று மூன்று தரம் கேட்டார். நான் சொல்லவில்லை. நாடாவைப் பற்றி அவரிடம் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன்.

நானா அஸருக்குத்தான் வந்தார். குடையை எறிந்துவிட்டு வந்து கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒரு வேலையும் நடக்கல்ல. அந்த மேசன் பாஸ் ஆப்புல கை வைக்க மாட்டானாம். நாள் குறிச்ச ஆள் கீழ வந்து நிக்கணுமாம். அவன்ட ஐயா அப்புடித்தான் செய்வாராம்."

"நீங்க நிக்கல்லயா, நானா?"

"நீ நாள் குறிச்ச. நான் என்னத்துக்குக் கீழ நிக்கிற? அது விழுந்தா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மண்ணுக்குள் போயும் உங்கள் சட்டம் ஏழு பேரைக் காப்பாற்றியிருக்கிறது. என் நானாவின் பயமும் சேர்ந்து காப்பாற்றியது என்று வைத்துக்கொள்வோம். பாவம், அவருக்கும் கொஞ்சம் நன்மை சேரட்டும்.

நேற்று கறுப்பையாவே வீடு தேடி வந்தார். முன் கூடத்தில் திரைக்கு அந்தப்பக்கம் நின்றார். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நாடா சுருங்கிய கதையை மெல்லிய குரலில் சொன்னேன். வெள்ளை நாடாக்களும் சுருங்கித்தான் இருந்தன, அவர் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை, பிந்தியதெல்லாம் என் கணக்கு என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் விடுங்கம்மா" என்றார். "ஆறு ஏறுதுங்க. மேல இருந்து மரக்கட்டையெல்லாம் அடிச்சிட்டு வருது. ஒரு பெரிய மரம் வந்து சட்டத்துல மோதுச்சுன்னா, சட்டமும் போயிரும், வளைவும் போயிரும். சட்டுனு எறக்கிட்டா தண்ணி சும்மா போயிரும். என்ன செய்யச் சொல்றீங்க?"

"நாளை மறுநாள்தான் இருபத்தெட்டு, பாஸ்."

"ரெண்டு நாள் தாங்குமாம்மா?"

தாங்குமா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இறக்கினால் சாந்து பச்சை. விட்டால் ஆறு அடிக்கும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லையே. கடைசியில், "கறுப்பை மடிக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். கட்டை மோதாமல் ஆற்றின் மேல்பக்கம் குறுக்கே வடம் கட்டி ஆள் போடுங்கள். மடிக்க வேண்டாம்" என்றேன்.

"சரிங்கம்மா." வாசல்வரை போய்த் திரும்பினார். "அன்னைக்குக் கீழ யாரு நிப்பா?"

"ஆள் வரும்" என்றேன். எந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை.

மாமி திரைக்கு இந்தப்பக்கம் என் பக்கத்தில் இருந்தார். எழுந்து, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, இத்தாவில் நான் வெளியே போகலாமா என்று கேட்கப் பள்ளிவாசல் லெப்பையின் வீட்டுக்கு நடந்தார். திரும்பி வந்து, "உசிருக்குப் பங்கம் வார காரியத்துக்குப் பகல்ல போகலாமாம். பொழுது சாஞ்சு மஃரிபுக்கு முந்தி வீட்டுக்கு வந்துரோணுமாம்" என்றார். பிறகு அழுதார். என் மகன்தான் போனான், நீயும் போகணுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நின்றிருப்பேனோ என்னவோ.

இன்றைக்கு மத்தியானம் வரை சட்டம் நிற்கிறது என்று கறுப்பையா பஸ் சாரதியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வடத்தில் இரண்டு கட்டை சிக்கியதாம். மூன்றாவது தப்பிவந்து சட்டத்தின் ஒரு காலைப் பெயர்த்ததாம், முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்று இரவு தாண்ட வேண்டும். தாண்டினாலும் இருபத்தெட்டு நாள் போதுமா? இந்த ஈரத்தில் சாந்து இறுகியிருக்குமா? முடிச்சை நான் சரியாகத்தான் தைத்தேனா? எதற்கும் உங்களிடமிருந்து பதில் வரப் போவதில்லை. போன வருஷம் காய்ச்சல்காரர்களைச் சாக்கில் கட்டி, ஒற்றை மரத்தின் மேல் அந்த ஆற்றைக் கடத்தினார்கள் என்று சொல்லி, நீங்கள் சோற்றைத் தள்ளி வைத்ததை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை அலுமாரியில் உங்கள் கோட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். நான் திரும்பி வராவிட்டால் நானா இதைப் பள்ளிவாசல் ஆட்களுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் சத்தமாக வாசிக்கட்டும். நாள் குறித்தது நான், மேசன் பாஸ் அல்ல என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

மச்சான், என் இத்தா நாட்களையும் நான் மடிக்கவில்லை. அது வேறொரு கறுப்பு நாடா. காலையில் போய், வெளிச்சத்தோடு திரும்பி வந்து, மிச்சத்தையும் இருந்து முடிப்பேன்.

நாளைக்கு வாடகைக் காரில் திரை கட்டி, நானாவோடு தெல்தோட்டைக்குப் போவேன். வெள்ளை உடுப்போடு ஆற்றில் இறங்கி, உங்கள் வளைவுக்கு அடியில் நிற்பேன். முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை நகர மாட்டேன். அந்தக் கல்லில் உங்கள் கை பட்டதே இல்லை என்பதுதான் இன்றைக்கு எனக்குப் பெரிய பயம். என் கை சில்லிட்டுத்தான் இருக்கும். இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கத்தரிக்கோல்காரி,
உங்கள் மாமா மகள்,
ஸுலைஹா