நான் எழுதாமல் விட்ட நல்லவை

ராத்தா,

அலுமாரியைத் துடைக்கும்போது அந்த மஞ்சள் மட்டை கீழே விழுந்தது. "நேர்மை" என்று என் கையாலேயே எழுதியது. யுத்தம் முடிந்து, பள்ளிவாசல்துறையில் கருவாடு காயப்போடும் வாடியில் நாம் வேலை செய்த காலத்தில் ஒரு மிஸ் வந்து செயலமர்வு வைத்தாவே, அன்றைக்குத் தந்தது. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு பலம் இருக்காம், அதைப் பிடித்துக்கொண்டால் சந்தோஷம் நிலைக்குமாம். மன்னாரில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்த நம்மிடம் வந்து சொன்னா! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் நம்பிவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவரின் பலத்தைச் சொல்லச் சொன்னபோது, "என்ட தங்கச்சி பொய் சொல்லமாட்டா" என்றதும் நீங்கள்தான்.

தினமும் மூன்று நல்லவற்றை எழுதவேண்டுமாம். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. அசர் தொழுகைக்குப் பிறகு கொப்பியோடு என் பக்கத்தில் வந்து குந்துவீர்கள். "எழுது புள்ள. மழை வரல்ல, மீன் நல்லாக் காஞ்சிச்சி. மகள் குவைத்துல இருந்து கதைச்சா..."

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் எழுதினேன். பிறகு, உப்பில் வெடித்த விரலால் பேனா பிடிக்க ஏலாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சும்மா கிறுக்கத் தொடங்கினேன். விரல் நோவு ஒரு சாட்டுத்தான். உங்கள் சந்தோஷம் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்களோ அந்தக் கிறுக்கலைத் தடவிப் பார்த்து, "இவ்வளவா நான் சொன்னன்?" என்று சிரிப்பீர்கள். மாதக்கணக்காய் இப்படியே போனது.

நீங்கள் மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்த பிறகுதான் உங்கள் மகளால் வர முடிந்தது. வந்ததும், நீங்கள் போனில் சொல்லியிருந்த கொப்பியைக் கேட்டாள். முதல் பக்கங்களை வாசித்து அழுதாள். கிறுக்கல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உம்மாட எழுத்தா சாச்சி? எழுதப் பழகினாவா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன். கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். இனி எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது?

நான் கிறுக்கிவிட்ட அந்த நல்லவை எல்லாம் இப்போது எங்கேயும் இல்லை ராத்தா. எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை. நான் கிறுக்கத் தொடங்கிய அன்று சொன்ன ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"மூண்டாவது, நான் சொல்றதக் கேட்டு எழுத நீ இருக்கிறாய். அதையும் எழுது புள்ள."

அதற்கும் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, எழுதிவிட்டேன் என்றேன்.