திங்கட்கிழமை வாசிப்பு

சான் ரமோன்
மே 6, 2025

'மூன்றாம் வரிசை' பத்தி எழுதுகிறவருக்கு,

வணக்கம். உங்கள் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தமிழ் வார மடலை நடத்தும் பிரீத்தி உங்களிடம் கேட்டுவிட்டு இந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். நான் வள்ளி. உங்கள் ஊர் டபுள்-ஏ பேஸ்பால் அணியில் கேட்சராக, நம் ஊர்க் கணக்கில் விக்கெட் கீப்பராக, விளையாடும் இளமாறனின் அம்மா.

பயப்படாதீர்கள், சண்டைக்கு வரவில்லை.

போன வாரம் எழுதியிருந்தீர்கள்: "இளமாறன் இரண்டாம் பேஸுக்குப் பந்தை எறிவதில்லை; தபாலில் அனுப்புகிறார்." சனிக்கிழமை இங்கே ஒரு வளைகாப்பு. சாப்பாட்டு வரிசையில் நாகமணி அண்ணன் தட்டோடு திரும்பி, "என்னம்மா வள்ளி, பையன் போஸ்ட் ஆபீஸ்ல சேந்துட்டானாமா? ஸ்டாம்பு நாம ஒட்டோணுமா, அவங்களே ஒட்டிக்குவாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "போஸ்ட் இல்லீங்கண்ணா, கூரியர்" என்று பதில் வேறு சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு காரைவிட்டு இறங்க மனம் வரவில்லை. அவர் கேட்டதைவிட நான் சிரித்ததுதான் உறுத்தியது.

அவனுடைய கையைப் பற்றி நீங்கள் எழுதியது பொய்யில்லை. தோளில் ஆபரேஷன் ஆன கை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்குத் தமிழ் புரியும், வாசிக்கத் தெரியாது. திங்கட்கிழமை அவர்களுக்கு ஆட்டம் இல்லை. அன்று ஃபோனில் உங்கள் பத்தியை நான் வாசிப்பேன், அவன் கேட்பான். தன்னைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதுகிறார் என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. இந்த வாரம் அந்த வரியை விழுங்கிவிட்டேன்.

அவனைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத முடியுமா? உண்மையாக இருந்தால் மட்டும். இல்லையென்றால் வேண்டாம்.

வள்ளி சேனாபதி


ஃபிரிஸ்கோ
மே 8, 2025

அன்புள்ள வள்ளி ஆன்ட்டி,

என் பெயர் ஆஸிபா. உங்கள் மகனைவிடச் சற்றுத்தான் மூத்தவள். என்னை 'நீ' என்றே எழுதுங்கள். 'நீங்கள்' என்று நீங்கள் எழுதியிருந்த ஒவ்வோர் இடத்திலும் எனக்குக் கூசியது.

அந்தத் தபால் வரியை நான் எழுதிய இடம் நன்றாக நினைவிருக்கிறது. ஆபீஸ் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து, எழுதி முடித்துவிட்டு நானே சிரித்தேன். அதற்கு ஒரு தாய் ஒரு விருந்தில் பதில் சொல்ல வேண்டி வரும் என்று நினைக்கவே இல்லை.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இங்கே படிக்க வந்தபோது கேம்பஸ் ஸ்டேடியத்தில் பாப்கார்ன் கடையில் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் கம்பி வழியாக ஆட்டம் பார்த்தேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை, பார்த்தால் போதும் என்பதால் பிடித்துப்போயிற்று. இன்றும் ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறக்க மாட்டேன். கேமராவை அணைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சாட்டில் தட்டிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு எழுத்தில் மட்டும் பல் முளைத்துவிடுகிறது. ஊரே சிரிக்கிறது என்றதும் இன்னும் கூர்மையாகக் கடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆன்ட்டி.

நல்ல வரி இருக்கிறது. நீங்கள் கேட்டதற்காகத் தேடியதில்லை. போன வருடத்திலிருந்து பார்க்கிறேன், எழுதத் தோன்றவில்லை; அதில் சிரிப்பு இல்லை பாருங்கள். கீழ் அணியிலிருந்து புதிதாக மேலே வந்த பௌலர்கள், இங்கே பிட்சர் என்பார்களே, அவர்கள் தடுமாறும்போது இளமாறன் எழுந்து நடந்து போவார். கையுறையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொல்வார். அந்தப் பையனின் இறுகிய தோள் தளரும். அடுத்த பந்து ஒழுங்காக வரும். எண்களையும் எடுத்துப் பார்த்தேன். அந்தச் சின்னப் பையன்கள் இவர் பிடிக்கும் நாட்களில்தான் நன்றாக எறிகிறார்கள். இந்த வாரம் அதை எழுதுகிறேன்.

அன்புடன்
ஆஸிபா


சான் ரமோன்
ஜூன் 10, 2025

ஆஸிபா கண்ணு,

நீ எழுதியதை வாசித்தேன். முடித்ததும் மாறன், "ரீட் இட் அகெய்ன், அம்மா" என்றான்.

உடனே உனக்கு நன்றி எழுத உட்கார்ந்தேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதத் தொடங்கினால் மற்றதையும் எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான்.

கண்ணு, நான் விழுங்கியது அந்த ஒரு வரியை மட்டும் இல்லை. போன வருடம் அவன் அடிக்க முடியாமல் தவித்தபோது, "பெஞ்சில் உட்கார வைக்கலாம்" என்று நீ எழுதியிருந்தாய். அவன் ஹோட்டல் அறையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். என் வாயில் அது வரவில்லை. "பொறுமையாக இருந்தால் இவர் மேல் அணிக்குப் போவார்" என்று வந்துவிட்டது. அடுத்த வாரம் அதற்கு ஏற்ற மாதிரி இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படியே போயிற்று. உன் நடை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. உன்னைப் போலவே வாக்கியம் போடுவேன், நடுவில் ஒரு கிண்டல்கூட வைப்பேன். மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுப் பார்த்துக்கொள்ள மாட்டானா என்று நீ நினைக்கலாம். அம்மா வாசிக்கும்போது ஆப் எதற்கு?

இப்போது நடந்ததைக் கேள். அவன் படித்த கல்லூரியின் கோச், சாக்ரமென்டோ பக்கம், அவனைக் கேட்சர்களுக்குப் பயிற்சி தர வரச் சொல்கிறார். விட்ட டிகிரியையும் முடிக்கலாம். ஜூலைக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பாராம். மாறன் வேண்டாம் என்கிறான். அவன் அப்பா காரணம் கேட்டதற்கு, "த டமில் லேடி நோஸ் பேஸ்பால், அப்பா. ஷி சேஸ் ஐ ஷுட் வெய்ட்" என்றிருக்கிறான். அவர் என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

நீ நேராகச் சொல். அவன் மேலே போவானா?

வள்ளி ஆன்ட்டி


ஃபிரிஸ்கோ
ஜூன் 12, 2025

அன்புள்ள ஆன்ட்டி,

போக மாட்டார்.

இந்த ஒரு வரியை இரண்டு முறை அழித்துவிட்டுத்தான் எழுதினேன். ஆனால் நேராகக் கேட்டீர்கள். இங்கிருந்து ஒரு படி மேலே, ட்ரிபிள்-ஏ-யில் இரண்டு கேட்சர்கள். இருவரையும் பெரிய லீக்கில் ஆடும் தாய் அணி தன் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது. அவர்களுக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்தால்தான் கீழே பார்ப்பார்கள். ஒரு படி கீழே, ஹை-ஏ-யில் இருபது வயதுப் பையன் ஒருவன். இன்னும் பந்தைத் தவறவிடுகிறான். ஆனால் அவன் மட்டையிலிருந்து கிளம்பும் சத்தம் வேறு, கையும் துப்பாக்கி மாதிரி. அவனை இங்கே கொண்டுவரத் தாமதிப்பது தப்பு, அடி வாங்கினாலும் டபுள்-ஏ-யில் வாங்கட்டும் என்று நான் பத்தியில் இரண்டு மாதமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். அவன் வந்தால் ஒருவர் போக வேண்டும். இங்கே இளமாறனோடு இருக்கும் இன்னொரு கேட்சர் வயதானவர். ஆனால் அடுத்த வருடம் அவரைக் கோச்சாக்க வைத்திருக்கிறார்கள், விட மாட்டார்கள். மிச்சம் இருப்பது இளமாறன்.

அணியை நடத்துகிறவர்கள் அப்படிச் செய்தால் நான் சரி என்றுதான் எழுதுவேன். நீங்கள் எனக்கு எழுதாமல் இருந்திருந்தால் கை தட்டியும் எழுதியிருப்பேன். அதை நினைத்தால்தான் என்னவோ போலிருக்கிறது.

இங்கே ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் கம்பியோரம் வந்து கையெழுத்துப் போடுவார்கள். நான் போய் அவரிடம் சொல்லட்டுமா? மீட்டிங்கில் பேசாதவள் அங்கே எப்படிப் பேசுவேன் என்று தெரியவில்லை. ஆனால் போகிறேன்.

ஆஸிபா


சான் ரமோன்
ஜூன் 13, 2025

கண்ணு,

வேண்டாம். பொய் சொன்னது நான். நானே சொல்ல வேண்டும்.

நீ ஒன்று மட்டும் செய். அவனைப் பற்றி நினைப்பதையெல்லாம் ஒரு பத்தியாக எழுது. எனக்காக எதையும் மழுப்பாதே. நான் எழுத்தெழுத்தாக வாசிக்கிறேன்.

ஆனால் சீக்கிரம் வேண்டாம். ஒரு இரண்டு வாரம் கொடு.

வள்ளி ஆன்ட்டி


ஃபிரிஸ்கோ
ஜூன் 30, 2025

அன்புள்ள ஆன்ட்டி,

பத்தி எழுதி பிரீத்தியிடம் கொடுத்துவிட்டேன். இந்த வாரக் கடைசியில் வரும். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் மறைத்தால் தூங்க முடியாது.

நேற்று ஆட்டத்துக்குப் போயிருந்தேன். அவரிடம் எதுவும் சொல்லும் எண்ணம் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்களே. ஆட்டம் முடிந்து கம்பியோரமாக வெளியே போகும் வழியில் உம்மா ஃபோன் பண்ணினார்கள். சத்தத்தில் காது கேட்காமல், "உம்மா, இங்க ஒரே இரைச்சலா இருக்கு, பொறவு பேசுதேன்" என்று கத்தினேன். ஒரு குழந்தையின் தொப்பியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இளமாறன் நிமிர்ந்தார்.

"நீங்க தமிழா?" என்றார். உச்சரிப்பு அப்படி இப்படி இருந்தாலும் முழுத் தமிழ்.

தலையாட்டினேன்.

"ஓ, குட். தேர் இஸ் திஸ் லேடி. தமிழ்ல எழுதுவாங்க. தேர்ட் ரோ. டு யூ நோ ஹர்?"

நான் "நோ, சாரி" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, ஆன்ட்டி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் சிரித்தார். "இஃப் யூ மீட் ஹர், தேங்க்ஸ் சொல்லுங்க. எவ்ரிபடி எல்ஸ் கேவ் அப் ஆன் மீ" என்றார். பிறகு அடுத்த குழந்தையிடம் திரும்பிவிட்டார். பார்க்கிங் லாட்டில் என் கார் எங்கே என்றே தெரியாமல் வெயிலில் சுற்றினேன்.

இந்தப் பத்தியில் என் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் எதுவும் சரியாகிவிடாது என்று தெரியும்.

ஆஸிபா


சான் ரமோன்
ஜூலை 22, 2025

ஆஸிபா கண்ணு,

உன் கடிதத்துக்கு அப்போதே பதில் போட்டிருக்க வேண்டும். உன்மேல் கோபம் இல்லை. நானும் அங்கே நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஏழாம் தேதி திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டேன். வாசிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். "மாறா, இவ்வளவு நாளா நான் வாசிச்சது அந்தப் பொண்ணு எழுதினது இல்ல சாமி. நானா சொன்னது." "இன்னைக்கு எழுதினபடி வாசிக்கறேன், கேளு" என்றேன். "ஓகே" என்றான்.

வாசித்தேன். தோள் இனி பழையபடி வராது என்றதை வாசித்தேன். அந்த இருபது வயதுப் பையனுக்கு வழிவிட வேண்டும் என்றதை வாசித்தேன். கடைசியில் நீ எழுதியிருந்தாயே, "இந்த அணியில் பந்து எறியும் சின்னப் பையன்களைக் கேளுங்கள், தங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று, இளமாறன் பெயரைச் சொல்வார்கள்" என்று. அங்கே வந்தபோது, "ஸ்டாப், அம்மா" என்றான்.

"தட் பார்ட் யூ மேட் அப்."

"இல்ல சாமி, இது எழுதியிருக்குது" என்றேன். "அம்மா, ப்ளீஸ்" என்றான். ஃபோனை வைத்துவிட்டான். அதற்கு முன்பு மே மாதம் வாசித்ததையும் இப்போது நம்பமாட்டான். அதுவும் நீயே எழுதியதுதானே.

இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவன் அப்பாவுக்கு மட்டும் 'ஐயம் ஃபைன்' என்று மெசேஜ். கல்லூரிக்கு என்ன பதில் சொன்னான் என்று அவருக்கும் தெரியவில்லை. கெட்டதையெல்லாம் நம்பிவிட்டான் கண்ணு. நல்லதைத்தான் நம்பவில்லை. அவன் நல்லவன், திறமைசாலி என்று நான் இனி எதைச் சொன்னாலும் அது கதைதான் அவனுக்கு. ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது.

முன்பு உன்னை வேண்டாம் என்றேன். இப்போது நானே கேட்கிறேன். உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். போய்ச் சொல்வாயா?

வள்ளி ஆன்ட்டி


ஃபிரிஸ்கோ
ஜூலை 27, 2025

அன்புள்ள ஆன்ட்டி,

இன்று போனேன்.

ஆட்டம் முழுக்க என் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கோர் என்ன என்று கேட்டால் தெரியாது. முடிந்ததும் கம்பியருகில் போய் நின்றேன். குழந்தைகள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகும்வரை ஒதுங்கியே நின்றேன். அவர் உள்ளே திரும்பியபோதுதான் கூப்பிட்டேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை, "இளமாறன்!" என்று நான் போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் அது எழுதுறவ" என்றேன். "என் பேரு ஆஸிபா."

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "யூ செட் யூ டிடிண்ட் நோ ஹர்" என்றார்.

"ஆமா. பொய் சொன்னேன்."

"எவ்ரிபடி லைஸ் டு மீ இன் டமில்" என்றார். சிரிக்கவில்லை. எனக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. பையிலிருந்து பத்தியை எடுத்து, முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். கல்லூரி செமினாரில் என் இங்கிலீஷைக் கேட்டு ஒருவன் சிரித்த பிறகு நான் எங்கேயும் சத்தமாக வாசித்ததில்லை. இப்போது தமிழில், டெக்ஸாஸ் வெயிலில், நாற்காலி வரிசைகளைக் கூட்டுகிறவர்கள் பார்க்க, தோளைப் பற்றி நான் எழுதியதை அந்தத் தோளுக்கு எதிரே நின்று வாசித்தேன். எழுதும்போது நியாயமாகத்தான் இருந்தது. வாசிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இனி யாரைப் பற்றியும் எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை.

கடைசி வரியை வாசித்தேன். கம்பியில் கையை ஊன்றிக் குனிந்திருந்தார். "வேர்?" என்றார். தாளைத் திருப்பி, அந்த வரியின் அடியில் விரலை வைத்துக் காட்டினேன். அவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா சேர்க்கலையா?"

"இல்ல. நான் எழுதினது. மே மாசம் வாசிச்சதும் நான் எழுதினதுதான்."

தலையாட்டினார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னார். மறந்துவிடக் கூடாது என்று காருக்குள் போனதுமே எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்:

"டெல் அம்மா ஐ டுக் த ஜாப். ஐயம் நாட் ரெடி டு கால் ஹர் யெட்."

கடைசியில் வரும் 'யெட்' அவர் சொன்னதுதான், ஆன்ட்டி. நான் சேர்க்கவில்லை.

ஆஸிபா