ஓம் விழாத மாற்றம்

மீன் வைக்கும் ஐஸ் களஞ்சியத்தின் கண்காணிப்புப் பெட்டி இன்று காலை திருத்த வேலைக்கு வந்தது. மூடியைக் கழற்றியதும் மீன் வாடை அறை முழுக்க அடித்தது. நீ இருந்திருந்தால் வெட்டு விழுந்த முன்பல் தெரியச் சிரித்து, "மயிலிட்டி மீன்துறையே வந்திட்டுது மச்சான்" என்றிருப்பாய். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அந்த வாடையை இப்போதெல்லாம் தாங்க முடிவதில்லை.

பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினி, களஞ்சியத்தின் குளிரை உணரியிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். கணினி உணரியோடு பேசும் வழியான சாதனக் கோப்பை உருவாக்கும் சிறு நிரல், அந்த ஷெல் ஸ்கிரிப்ட், என்னுடையது. நீ கடைசியாக வேலைக்கு வந்த நாளில், இன்னோர் உணரியைச் சேர்க்க அதில் ஒரு மாற்றம் செய்து, பார்க்கச் சொல்லி உனக்கு அனுப்பியிருந்தேன். கோப்பு இருந்தால் விடு, இல்லாவிட்டால் உருவாக்கு, அவ்வளவுதான். சரியாக இருந்தால் நீ ஆம் என்பதற்கு எங்கள் பேச்சுத் தமிழில் "ஓம்" என்று போடுவாய். அந்த ஓமை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அன்றும் நீ போடவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாய்.

"இருக்கோ எண்டு மட்டும் பாக்கிறாய். அதுதானோ எண்டு பாத்தியோ?"

"அந்தப் பேரிலை வேறை என்னடா இருக்கப்போகுது?"

"சும்மா ஒரு கோப்பு இருக்கலாம். ஆரும் பரிசோதிக்கேக்கை ஒரு இலக்கத்தை எழுதி விட்டிருப்பினம். உணரி செத்தாலும் அது அதே குளிரைச் சொல்லிக்கொண்டு கிடக்கும். பேர் இருக்கும் மச்சான், ஆள் இராது."

எனக்கு எரிச்சல். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று கணினியை மூடிவிட்டேன். ஞாயிறன்று, உன் அண்ணைக்குக் காய்ச்சல் என்று அவருடைய படகை நீ எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போனாய். படகு மட்டும் கிடைத்தது.

உன்னைத் திருப்பித் தரக் கடலுக்குச் சில நாட்கள் எடுத்தன. பருத்தித்துறையில் பிண அறை வாசலில் அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ பார் தம்பி. என்னாலை ஏலாது."

சட்டை உன்னுடையதுதான். முகம் முகமாக இல்லை. சட்டை போதும் என்றார் பொலிஸ்காரர். போதாது என்றேன். நீயாக இருக்கக் கூடாது என்ற ஆசை. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். கம்பியின் உறையைப் பல்லால் உரித்து உரித்து முன்பல்லில் விழுந்த வெட்டு அங்கே இருந்தது.

வெளியே வந்ததும் அண்ணை கேட்டார். "அவன்தானோ?"

"ஓம்" என்றேன்.

நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது. பெட்டியில் ஓடிய பழைய ஸ்கிரிப்டிலும் அதே பிழை. உணரியின் கம்பி அறுந்திருந்தது. அதன் பெயரில் ஒரு வெறும் கோப்பு இருந்து, பழைய இலக்கத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. களஞ்சியத்து மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்களாம். ஸ்கிரிப்டைத் திருத்தினேன். இனி அது சாதனம்தானா என்று பார்க்கும். இல்லையென்றால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும்.

மாற்றத்தைப் பார்வையிடுபவர் என்ற இடத்தில் இன்னும் உன் பெயர்தான். அதை எடுத்துவிட்டு என்னையே ஓம் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள் அலுவலகத்தில். பெட்டி நாளைக்குத் திரும்பிப் போக வேண்டும். "சரி" என்று எழுதி அனுப்பினேன். அண்ணையிடம் சொன்ன அந்த மற்றச் சொல் அதன் பிறகு எனக்கு வருவதில்லை மச்சான். "சாப்பிட்டனீங்களோ?" என்று மனைவி கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுகிறேன்.