சட்டை கழற்றிய இடம்

என் அன்புக்குரியவளுக்கு,

தொலைபேசியில் என் குரலைக் கேட்டால், நான் சொல்லி முடிக்குமுன்பே நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் எழுதி, நாளை ஊருக்குப் புறப்படும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நேற்று துவாரகன் என்னை ஒஸ்லோத் துறைமுகத்தில் மிதக்கும் சவுனாவுக்குக் கூட்டிப்போனான். பின்லாந்துக்காரரின் ஆவிக் குளியல் அது. வெளியே பனி கொட்டியது. உள்ளே, சிறிய மர அறையில், சுட்ட கற்களின் ஆவி முகத்தில் அடித்தது. நான் வந்த நாளிலிருந்து என் முன்னால் சட்டை கழற்றாத பிள்ளை அங்கே கழற்றினான். நெஞ்சிலிருந்து வயிறு வரை நீண்ட தையல் தழும்பு.

"எப்ப வெட்டினவை?"

"போன தை மாசம், அப்பா."

லீவு இல்லை, பொங்கலுக்கு வரமுடியாது என்று நம்மிடம் சொன்ன அதே தை.

"இப்ப சுகம்தானே?"

அவன் கற்களில் இன்னொரு அகப்பை தண்ணீர் ஊற்றினான்.

"வயித்திலை இருந்த புற்றுக்கட்டி திரும்ப வந்திட்டுது. இனி வெட்டேலாதாம். இதைச் சொல்லத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். வீட்டிலை வாய் வரேல்லை."

பிறகு ஏணியால் இறங்கிக் குளிர்ந்த கடலில் அமிழ்ந்தான். அவன் தலை வெளியே வரும்வரை நான் அவனைத் துடைக்கும் துவாயோடு மூச்சுவிடாமல் நின்றேன்.

வைத்தியர்கள் சொன்ன காலத்தை எழுத என் கை வரவில்லை. அவனுக்குப் பேசிவைத்த பெண்வீட்டாரிடம் வேண்டாமென்று சொல்லிவிடு. கோடையில் வருவதாக இருந்தாய். அதுவரை பொறுக்காதே.

உன்னிடம் மட்டுமே அழத் தெரிந்த,
உன் கணவன்