இடது இடுப்பில் குழந்தை

நவம்பர் 9, சனி

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான் போல. அகல்யாவுக்கு நெபுலைசர் வைத்துத் தூங்கவைப்பதற்குள் பதினொன்றரை. டில்லிக் காற்றின் மாசு அளவு இன்றும் நானூறுக்கு மேல். ஒன்றரை வயதுக் குழந்தையின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று யோசிக்காதீர்கள் என்றார் டாக்டர். எப்படி யோசிக்காமல் இருப்பது என்று சொல்லவில்லை.

காலையில் பழைய பேப்பர் எடுக்கும் கபாடிக்காரன் வண்டியில் கயிறு கட்டிய மூன்று புத்தகங்கள். எதிர் பிளாக்கில் யாரோ குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்களாம். லக்ஷ்மிபாய் நகரில் குப்பை வண்டியில் தமிழ் எழுத்து தெரிந்ததால் நின்றேன். கோயில் ஓவியங்கள், சிற்பங்கள் பற்றியவை. அறுபது வருஷத்துக்கு முந்தைய அச்சு. பழைய பேப்பர் கட்டைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். "குப்பையைக் கொடுத்துக் குப்பையை வாங்குறீங்களே, அண்ணி" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தான்.

நவம்பர் 10

கதிரவன்: "தூசி வருதுன்னு ஜன்னலைத் திறக்க விடமாட்டே. இப்ப அறுபது வருஷத் தூசியை நடுவீட்டுல உக்கார வச்சிருக்கே."

கணவர்கள் சில நேரம் சரியாகவும் பேசுகிறார்கள். பால்கனியில் வைத்து ஈரத்துணியால் துடைத்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பெரிய புத்தகத்தில் பதினெட்டாம் படம். குகைக் கோயில் ஒன்றின் கூரை ஓவியம், ஊர்வலத்தில் ஒரு பெண், வலது இடுப்பில் குழந்தை. நூலாசிரியர் இதை வைத்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் இப்படித் தூக்கும் வழக்கம் இல்லை, ஆகவே ஓவியர் வெளிதேசத்தவர் என்று.

ஓரத்தில் பென்சிலில்:

"வலது அல்ல. அச்சில் படம் இடம்வலமாகத் திரும்பிவிட்டது. நேரில் பார்த்தேன், இடது இடுப்புதான். வலது கை சும்மா இருந்தால்தானே வேலை நடக்கும்? இது தெரியாமல் ஒன்றரைப் பக்கம்! - மே., 17.1.83"

முதல் பக்கத்தில் பெயர்: செ. மேகலா, கரோல் பாக்.

இதைப் படித்தபோது அகல்யா என் இடது இடுப்பில்தான் இருந்தாள். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. குறிப்பைப் படித்த பிறகுதான் தோன்றியது.

நவம்பர் 15, வெள்ளி

ப்ரீதா மேடம் போன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. குழந்தை பிறந்தபின் நான் அவரிடம் போகவே இல்லை. முப்பதாம் தேதிக்குள் புதுச் சுருக்கம் தராவிட்டால் பதிவு ரத்து. "ஏதாவது இருக்கா உங்கிட்ட?"

இருந்தது. பழைய கலை நூல்களில் படம் தவறாக அச்சாகி, அந்தத் தவறே வரலாறாகிவிட்ட கதை. பதினெட்டாம் படத்தைச் சொன்னேன்.

மேடம் உடனே, "ஒரு அம்மாவுக்குத்தான் இது கண்ணுல படும். பிரமாதம்" என்றார். திங்கட்கிழமைக்குள் அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்.

நவம்பர் 16

கண்டுபிடித்தது நான் இல்லை என்று மேடத்திடம் மறுத்துச் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஸ்கேன் இன்னும் அனுப்பவில்லை. கதிரவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏன்டி, பென்சில்ல எழுதினதுக்குமா காப்பிரைட்டு? ரப்பர் எடுத்து ஒரு தேய். முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான்.

பத்தரை மணிக்கு ரப்பரை எடுத்தேன். கீழிருந்து ஆரம்பித்தேன். தேதி போயிற்று. "மே." போயிற்று. "ஒன்றரைப் பக்கம்" போயிற்று. அதற்கு மேல் நிறுத்திவிட்டேன். நல்லவள் என்பதால் அல்ல. தாள் கிழிய ஆரம்பித்தது.

என்ன காரியம் பண்ணிட்டேன்... சீ.

நவம்பர் 21, வியாழன்

ஸ்கேன் கடைக்கு அகல்யாவையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழ்வீட்டுக் கல்யாணராமன் சார், ரிட்டயர் ஆனவர், படியிலேயே நிறுத்தி அட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

"அட, நம்ம மேகலா கையெழுத்தன்னா இது! எங்க ஆபீஸ் ஸ்டெனோ. எதிர் பிளாக்ல அவ பையன் இருந்தான், ட்ரான்ஸ்ஃபர்ல போறான். அம்மா புஸ்தகத்தைக் கபாடிக்குப் போட்டுட்டானா, கடங்காரன்!"

நான் கேட்காமலே மேலே சொன்னார். "ஆபீஸ்ல லீவு, பயணச் சலுகைன்னு எல்.டி.சி. எடுத்துண்டு எல்லாரும் ஊர்க் கல்யாணத்துக்குப் போவோம். இவ மட்டும் குகைக்குப் போவா. ஏதோ போட்டோ தப்புன்னு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினா, திரும்பி வந்துடுத்து. 'ஸ்டெனோவுக்கு எதுக்கும்மா இதெல்லாம்'னு நானே கேலி பண்ணியிருக்கேன்."

"இப்ப..." என்று இழுத்தேன்.

"இருக்காளே! இங்கேயே, டில்லி துவாரகால பொண்ணாத்துல. காது மந்தம், போன்ல பேச முடியாது. வாட்ஸப்புல எழுதினா படிப்பா."

ஸ்கேன் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன்.

நவம்பர் 23, சனி

மேடத்திடம் போனில் சொல்லிவிட்டேன். ரப்பரையும் சேர்த்து. லாண்டரிக் கணக்குச் சொல்வது மாதிரி சொன்னேன்.

"அப்ப இதுல உன்னோடது எது?" என்றார்.

"தெரியல மேடம்."

"அது தெரியணும். முப்பதாம் தேதி மாறாது. அவங்க எழுத்துல சம்மதம் கொண்டு வா. இல்லேன்னா வேற உதாரணம் தேடு."

வைத்துவிட்டார். கோபமா என்று தெரியவில்லை. மற்ற இரண்டு புத்தகங்களையும் படம் படமாகப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருவேளை இருக்கலாம், என் கண்ணுக்குப் படவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

மூன்று தடவை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியதை இங்கே எழுதி வைக்கிறேன்:

"மேகலா அம்மாவுக்கு வணக்கம். கல்யாணராமன் சாரிடம் நம்பர் வாங்கினேன். உங்கள் புத்தகங்கள் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. பதினெட்டாம் படத்துக்கு நீங்கள் எழுதிய குறிப்பை நானே கண்டுபிடித்ததாக என் மேடம் நினைக்க விட்டேன். நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதை உங்கள் பெயரோடு என் ஆராய்ச்சியில் எழுத அனுமதி வேண்டும். வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். குறிப்பின் கடைசி வரியையும் தேதியையும் 'மே.' என்ற உங்கள் பெயர் எழுத்தையும் ரப்பரால் அழித்தது நான்தான். இதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்கக் கூடாது. புத்தகங்களைத் துவாரகாவுக்குக் கொண்டுவந்து தருகிறேன். எனக்கு முப்பதாம் தேதி வரைதான் நேரம் இருக்கிறது. சம்மதமோ இல்லையோ, தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."