உதடு அசையாமல்

அன்புள்ள வாலு,

அம்மா நலம், வீடு நலம், நீ விட்டுப்போன சைக்கிள்கூட நலம். நான் மட்டும் குழம்பிப் போயிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கேட்கவைப்பாள். போன மாதம் நீ பாஸ் பண்ணினாயே கம்ப்யூட்டர் சர்வர் நிர்வாகிகளுக்கான சான்றிதழ் பரீட்சை, அதை நேற்று வீட்டிலிருந்தே நானும் எழுதினேன். பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். உன் அறையில் சுவர்க் காலண்டரைக்கூடக் கழற்றிவிட்டு, கேமராவை நாலு பக்கமும் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஏழாவது கேள்வியில் ஒரு சர்வர் பதில் சொல்லாமல் நிற்கிறது, தனக்கு நடந்ததையெல்லாம் அது எழுதிவைத்த லாக் இருபது வரி, காரணம் என்ன என்கிறார்கள். எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. படித்துக்கொண்டே போகிறேன், யாரிடம் பேசுகிறீர்கள் என்று கண்காணிப்பாளர் திரையில் கேட்கிறார். யாரிடமும் இல்லை, லாக் படிக்கிறேன் என்றேன். உதடு அசையக் கூடாது, இது எச்சரிக்கை என்றார். ஒன்பதாவது கேள்வியில் மறுபடி அசைந்ததாம். திரை கறுத்துவிட்டது.

பதினைந்து வருடமாக வாயால் முணுமுணுத்துத்தான் லாக் பார்க்கிறேன், எந்தச் சர்வரும் கோபித்துக்கொண்டதில்லை. இப்போது ஒன்றாம் தேதியிலிருந்து சான்றிதழ் இல்லாதவன் சர்வரில் கைவைக்கக் கூடாது, புகார் கேட்கும் போன் மேஜைக்குப் போ என்கிறார் மேனேஜர். அங்கே நாள் முழுக்கப் பேச வேண்டும். ஐம்பதுகூட ஆகவில்லை எனக்கு, அதற்குள் ஓரங்கட்டுகிறார்கள். வியாழக்கிழமை இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி. அம்மாவோ, இருபது வருஷமா நான் மூடப் பாத்த வாய ஒருத்தர் பத்து நிமிஷத்துல மூடிட்டாரேன்னு சிரிக்கிறாள். சித்தப்பா போன் பண்ணி, லைசென்ஸ் இல்லாமத்தான் இவ்வளவு நாளா வண்டி ஓட்டினியாண்ணே என்கிறான். எனக்குப் புரியாதது வேறு. இன்று மாதிரித் தேர்வை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். வாயசைத்தால் தொண்ணூற்றாறு, பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதினால் ஐம்பத்தொன்று. அப்படியானால் வேலை தெரிந்தது எனக்கா, என் வாய்க்கா? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. உனக்கும் இதே பழக்கம்தானே, உங்க பொண்ணு கணக்கை முணுமுணுத்தே போடுறா என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோது, போட்டா என்ன என்று நான் சண்டை பிடித்துவிட்டு வந்தேனே. பிறகு நீ மட்டும் எப்படிப் பாஸ் பண்ணினாய்? என்ன செய்தாய் என்று புதன்கிழமைக்குள் சொல். போனிலேயே கேட்டிருப்பேன், இந்தக் கடிதத்தையே பயிற்சியாக்கிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு எழுதுகிறேன், எதிரே அம்மா என் உதட்டையே பார்த்து, அசையும்போதெல்லாம் ஒரு கோடு போடுகிறாள். இதுவரை பதினொன்று.

அங்கே நீ தங்கியிருக்கும் அறைக் கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்றாயே, ஸ்க்ரூவை முடுக்கச் சொல், சும்மா இருந்துவிடாதே. புதன்கிழமையை மறக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், எங்கே இருந்தாலும் நன்றாக இரு கண்ணு. இந்த வரியை எழுதும்போதும் உதடு அசைந்தது. அம்மா கோடு போடவில்லை.

உன் அப்பா